சுருக்கம் விழாத பேட்டி

இசை இதழின் ஆசிரியர் குழுவுக்கு, பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வணக்கம்.

எங்கள் ஊர் மேளக் குழுவைப் பேட்டி கண்டு நீங்கள் வெளியிட்ட நான்கு பக்கங்களையும் பார்த்தேன். என்ன தாள், என்ன அச்சு, என்ன ஒழுங்கு! நாயனக்காரர்களின் படம் இவ்வளவு வழுவழுப்பான தாளில் வருவது அபூர்வம். தெருவில் எல்லாரும் கைக்குக் கை வாங்கிப் பார்த்தார்கள். பாராட்டி எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

உங்கள் திட்டமிடலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நீங்கள் வருவதற்கு வெகு முன்பே கேள்விகள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. இசைப் பயணம் எப்படித் தொடங்கியது, மறக்க முடியாத மேடை எது, பிடித்த சினிமா இசையமைப்பாளர் யார், இளைய தலைமுறைக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள். கிடார் வாசிப்பவரிடம் கேட்டாலும் கடம் வாசிப்பவரிடம் கேட்டாலும் ஓர் எழுத்து மாற்ற வேண்டாத கேள்விகள். பதில்களையும் வீட்டுப் பிள்ளைகள் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பேட்டியன்று யாரும் யோசித்துச் சிரமப்பட நேரவில்லை.

நேரம் தவறாமையும் அப்படித்தான். பங்குனி உத்திரத் திருவிழா நாட்கள். ஏகாம்பரநாதர் இரவுப் புறப்பாட்டுக்கு வாசித்துவிட்டுக் குழுவினர் படுத்தபோது கோழி கூவியிருக்கும். காலை ஏழு மணிக்கு என்று சொன்னீர்கள், ஏழுக்கே சந்நிதித் தெருவில் நின்றீர்கள். கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பிய ராஜகோபுரத்தின் மேல் வெயில் சரியாக விழும் நேரம் அது என்று உங்கள் புகைப்படக்காரர் விளக்கினார். உண்மைதான். படத்தில் கோபுரத்தின் ஒவ்வொரு நிலையும் தெளிவாகத் தெரிகிறது. முன்னால் நிற்பவர்களின் கண்கள் சிவந்திருந்ததை அச்சகத்தில் சரிசெய்துவிட்டீர்கள்.

ஒலிப்பதிவில் நீங்கள் காட்டிய கவனத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பேச்சு தெளிவாகப் பதிவாக வேண்டும் என்பதற்காக நாயனத்தை உறையிலேயே வைக்கச் சொன்னீர்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து நனைக்கப் போனபோது, கையமர்த்தித் தடுத்தீர்கள். தவில் இரண்டும் சுவரோரம் கிடந்தன. வந்ததிலிருந்து வண்டி ஏறியது வரை ஒரு ஸ்வரம்கூட இடையில் புகுந்து பேட்டியைக் கெடுக்கவில்லை. ஓர் இசை இதழுக்கு எவ்வளவு அமைதியான காலை!

படத்துக்கு வருகிறேன். தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருந்தார். துணிக்கீற்றைப் பசை தடவிச் சுற்றிச் சுற்றிக் காயவைத்து, எலும்பு போலக் கெட்டியானது. பல வருஷம் போட்டுப் போட்டு, அந்த விரல்களின் கணுவும் நகமும் ஒரு தினுசாக மாறிப்போயிருக்கும். பார்க்க அழகாக இல்லையென்று கூடுகளைக் கழற்றி, துண்டால் கையை மூடிக்கொள்ளச் சொன்னீர்கள். நாயனத்தில் நூல் கட்டித் தொங்கும் உபரிச் சீவாளிகளும், அவற்றைச் சீராக்கும் ஊசியும் கண்ணை உறுத்தின. அவற்றையும் அவிழ்த்து வைத்தீர்கள். வாத்தியங்களுக்கு அடியில் ஜவுளிக்கடையிலிருந்து இரவல் வாங்கிய கோர்வைச் சேலை விரித்தீர்கள். பிள்ளையார்பாளையத்தில் உடம்பையும் கரையையும் தனித்தனி நாடா ஓட்டிக் கோத்து நெய்த சேலை அது. கரையும் ஜரிகையும் துல்லியமாக விழுந்திருக்கின்றன. ஜவுளிக்கடையின் பெயரும் அடியில் இருக்கிறது, நெய்தவர் பெயரால் பக்கத்தை நெருக்காமல்.

சட்டத்துக்குள் நான்கு பேர்தான் சமமாக அமைவார்கள் என்றீர்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில். தாளம் போடும் பெரியவரும் சுருதிப்பெட்டிப் பையனும் மர நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள், அவர்களுக்கும் ஓய்வு கிடைத்தது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவில் 19 பேர். அவர்களை நீங்கள் படம் பிடித்தால் எந்த நால்வர் சட்டத்துக்குள் வருவார்கள் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பக்கத்தில் பாதியை 'தில்லானா மோகனாம்பாள்' சிவாஜி கணேசனுக்கு ஒதுக்கியது வாசகர்களுக்குப் பேருதவி. 1968-ல் வந்த படம், பார்த்ததும் இது நாதஸ்வரம் பற்றிய கட்டுரை என்று எவருக்கும் விளங்கிவிடும். அந்தப் படத்தில் சிவாஜிக்காக ஊதிய மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் குழப்பமும் இல்லை.

இவ்வளவு எழுதக் காரணம் உண்டு. இந்த ஊரில் ஒரு காலத்தில் பெரிய குழு ஒன்று பாடியது. அதை நடத்தியவர் பாடகர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை, 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தவர். அவர் கச்சேரிக்கு வயலினும் மிருதங்கமும் மட்டும் போதாது. கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம் உட்காரும். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றே அதற்குப் பேர். இத்தனை லயக்காரர்கள் சூழ்ந்திருக்க, தாளம் பிசகாமல் பல்லவி பாடுவது சாதாரணக் காரியமில்லை. அந்தக் குரல் இசைத்தட்டில் ஏறவில்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, பிருந்தா, முக்தா போன்ற சீடர்கள் பாடிக் காட்டியதும், கேட்டவர்கள் சொல்லி வைத்ததும்தான் மிச்சம். காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள் சிறுமியாக இருந்தபோது அவர் கச்சேரிகளைக் கேட்டவர். யாரோ ஒருவர் சரியான நேரத்தில் கேட்டு வைத்திருந்தால், ஏழெட்டுப் பேர் தனியாவர்த்தனத்தை எப்படிப் பங்கு போட்டுக்கொண்டார்கள், யார் கண்காட்டினால் யார் நிறுத்துவார்கள் என்று இன்றைய பிள்ளைகள் படித்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள். நயினாப் பிள்ளை காலத்தில் உங்கள் இதழ் இருந்திருக்கக் கூடாதா? அவருக்குப் பிடித்த பலகாரமாவது நமக்குத் தெரிந்திருக்கும்.

காஞ்சியில் இப்படிப் பாராட்டுவது புதிதுமில்லை. அதியமானின் தூதாக ஔவை இங்கே தொண்டைமானிடம் வந்த கதை புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலுக்குள் மினுங்கின அவன் வேல்கள். ஔவை அவற்றைப் புகழ்ந்துவிட்டு, எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். உங்கள் கேள்விகளில் ஒன்றும் முனை முறியவில்லை. போனபடியே பளபளப்பாகத் திரும்பிவிட்டன.

முனை முறிந்த கேள்வியும் அன்று ஒன்று கேட்கப்பட்டது. நீங்கள் கோபுரத்தைத் தனியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, டீக்கடை பெஞ்சில். தறிக்குப் போகும் வழியில் நின்ற ஒரு நெசவாளர் நாயனக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா, ராத்திரி தோடிய அவ்ளோ சீக்கிரம் முடிச்சிட்ட?"

"சீவாளி பேசலண்ணா. வேற மாத்தறதுக்குள்ள சாமி மூலை திரும்பிடுச்சி."

"அதான் பார்த்தேன். ரெண்டாவது நாயனம் தனியாப் புடிச்சிக்கினு போனாரு. நல்லாதான் இருந்துச்சி. ஆனா நீ எடுத்த எடம் வேற."

பிறகு டீ ஆறுகிற வரைக்கும் பேச்சு ஓடியது. வீதியின் நீளத்துக்கு ஏற்ப ராகத்தை எப்படி விரிப்பது, சாமி நிற்கிற இடத்தில் மூச்சை எங்கே வாங்குவது, ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் எப்படித் தாங்குவது, தவில்காரருக்கு அது எப்படித் தெரிகிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாத மாதங்களை ஆறு குடும்பமும் எப்படி ஓட்டுகின்றன என்றும் அந்த நெசவாளர் கேட்டார். அவருக்கும் கூலி நின்ற மாதங்கள் பழக்கம். தவில்காரர் கூடுகளை மறுபடி விரலில் மாட்டி, பெஞ்சு விளிம்பில் ஒரு சொல்லைத் தட்டிக் காட்டினார். மர நிழலில் இருந்த தாளக்காரப் பெரியவர் அங்கிருந்தே, "அது அப்படியில்ல" என்று திருத்தினார். அந்தக் குழுவின் லயம் யார் கையில் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உங்கள் ஒலிப்பதிவுக் கருவி அதற்குள் பைக்குள் பத்திரமாகப் போயிருந்தது.

குழுவில் மூத்தவருக்கு வயதாகிறது. புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரிகளில் அவர் கற்ற எல்லாவற்றையும் பையன்கள் இன்னும் வாங்கி முடிக்கவில்லை. நான்கு பக்கம் என்பது சின்ன இடமில்லை. அந்த இடத்தில் ஒரு மல்லாரியின் கதையை முழுசாகச் சொல்லியிருக்கலாம். அதற்கு அவரை ஒரு நாள் ராத்திரி கேட்டிருக்க வேண்டும், மறுநாள் தூங்கி எழ விட்டிருக்க வேண்டும்.

தாளக்காரப் பெரியவர் பெயரையும் சுருதிப்பெட்டிப் பையன் பெயரையும் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த இதழில் இரண்டு வரி இடம் இருந்தால் போடுங்கள். திருவிழா மறுபடி வரும்போது கேள்வித்தாளை அனுப்பாமல் நீங்களே இரவுப் புறப்பாட்டுக்கு வாருங்கள். ராஜ வீதி மூலையில் நின்றால் நன்றாகக் கேட்கும். அந்த நெசவாளரும் அங்கேதான் நிற்பார்; முதலில் அவரைப் பேட்டி எடுங்கள்.