புல்லட்டா, யெஸ்டியா, ஆர்எக்ஸா?

கேள்வி: வாழ்நாளெல்லாம் பைக் ஓட்டியவர் நீங்கள். புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 மூன்றில் எது உசத்தி?

பதில்: புல்லட்தான். பழைய புல்லட்டில் செல்ஃப் கிடையாது. டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட்டு ஒரே உதை. அவசரக்காரரை அது திருப்பி உதைக்கும். நிதானக்காரருக்கு உடனே பேசும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மைசூரில் பிறந்த யெஸ்டியும் கெட்டிக்கார வண்டி: கியர் லீவரையே உள்ளே அமுக்கித் திருப்பினால் கிக்கர்! ஒரே பாத்திரத்தில் சோறும் குழம்பும் முடிக்கிற பாட்டியின் மூளை அது. 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100, வெறும் 98 சிசி டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். சிக்னலில் புல்லட்டை நிற்கவைத்துவிட்டுப் பறக்கும். பறக்கட்டுமே! திண்டிவனம் தாண்டி, ஒற்றை சிலிண்டர் நிதானமாக இடிக்கும் ஓசையோடு விழுப்புரம்வரை போய்ப் பாருங்கள், இறங்க மனம் வராது. இப்போதைய புல்லட் பட்டனைத் தொட்டாலே கிளம்புகிறது, கியரும் இடப்பக்கம் வந்துவிட்டது. மகனுக்கு அதுதான் பிடிக்கிறது, தாராளமாக ஓட்டட்டும். பழையதன் சாவி மட்டும் என் இடுப்பில்.