சீராக இருக்கிறார், செய்தியாளர்தான் தவிக்கிறார்

ஒரு முன்னாள் தலைவர் மருத்துவமனையில் சேர்ந்தால் உள்ளே ஒரு நோயாளி, வெளியே நாற்பது நோயாளிகள். உள்ளே இருப்பவருக்கு இருமல். வெளியே மைக் பிடித்து நிற்பவர்களுக்கோ, சொல்ல ஒன்றுமில்லாமல் ஒரு மணி நேரம் பேசியாக வேண்டிய பொல்லாத வியாதி. மலேசியாவின் முன்னாள் பிரதமர் துன் மகாதீர் 2021 டிசம்பருக்கும் 2022 பிப்ரவரிக்கும் இடையில் மூன்று தடவை தேசிய இருதயக் கழகத்தில் சேர்ந்தபோது இந்த வியாதி முற்றிப்போனது. மருத்துவமனை ஓரிரு வரி சொன்னது. மகள் மரினா, அப்பா சீராக இருக்கிறார் என்றார். இதை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு ஒப்பேற்றுவது? வாசலில் வந்து நின்ற கார் செய்தியானது, கிளம்பிய கார் அதைவிடப் பெரிய செய்தியானது. வாட்ஸ்அப்பில் இரங்கலே வந்துவிட்டது. அந்த மனிதரோ பிப்ரவரியில் வீடு திரும்பி, அதே ஆண்டு நவம்பரில், 97 வயதில், லங்காவியில் தேர்தலுக்கு நின்று வைப்புத்தொகையை இழந்தார். இதயம் தாங்கியது, வாக்காளர்கள்தான் தாங்கவில்லை.

என் கட்சி இதுதான்: மருத்துவமனை வாசலில் கேமரா எவ்வளவு நேரம் நிற்கிறதோ, அவ்வளவுக்கு நமக்குத் தெரிவது குறைகிறது. 2025 ஜூலையில், நூறாவது பிறந்தநாள் முடிந்த மூன்றாம் நாள், பிக்னிக் போன இடத்தில் மகாதீர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தார். களைத்துப்போனார். மருத்துவமனைக்குப் போய்விட்டு அன்றே வீடு திரும்பினார். இதில் எது செய்தி? 1989-லும் 2007-லும் பைபாஸ் அறுவை செய்துகொண்டவர் நூறு வயதில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டியதுதான் செய்தி. ஆனால் தலைப்பில் ஏறியது களைப்பு. நாற்பது வயதில் மாடிப்படி ஏறியே மூச்சு வாங்கும் நாமெல்லாம் அதைப் படித்து, "பாவம், முடியவில்லை போலிருக்கிறது" என்று அவருக்காக வருந்தினோம்.

கேமரா இல்லாவிட்டால் வதந்தி பரவுமே என்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2016 செப்டம்பர் 22-லிருந்து 75 நாள் சென்னை அப்பல்லோ வாசலில் கேமராக்கள் தவம் கிடந்தன. ஜெயலலிதா அப்போது பதவியில் இருந்த முதல்வர். அவர் நிலையைக் கேட்க மக்களுக்கு முழு உரிமை இருந்தது. கிடைத்தது இட்லி. அம்மா இட்லி சாப்பிட்டார் என்றார்கள். மறு வருஷம் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசனே, நாங்கள் சொன்னது பொய் என்று மேடையில் மன்னிப்புக் கேட்டார். டிசம்பர் 5 மாலையில் சில தொலைக்காட்சிகள் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடி இறங்கியது, மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் ஏறியது. இரவு 11:30-க்குத்தான் அவர் உயிர் பிரிந்தது. 75 நாள் நேரலைக்குப் பிறகும், உள்ளே என்ன நடந்தது என்று விசாரிக்க ஓர் ஆணையம் வைத்து, அது அறிக்கை கொடுக்க 2022 ஆனது. வாசலைக் காட்டினால் வாசல்தான் தெரியும்.

அது தமிழ்நாட்டு வழக்கம், கட்டுப்பாடான ஊர்களில் நடக்காது என்றால், பக்கத்தில் சிங்கப்பூர் இருக்கிறது. எங்கள் ஜொகூர் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற ஊர், அதனால் உரிமையோடு சொல்லலாம். 2015 மார்ச்சில் அதன் முதல் பிரதமர் லீ குவான் இயூ படுக்கையில் இருந்தபோது, பிரதமர் அலுவலகத்தின் அறிவிப்புபோல யாரோ ஒரு போலிப் படத்தைத் தயாரித்தார்கள். அதை நம்பி சிஎன்என் அவரை ஐந்து நாள் முன்னதாகவே அனுப்பிவைத்தது. அந்தக் காலத்தில் நிதானம் இருந்தது என்பதும் செல்லாது. 1979 மார்ச்சில் இந்தியாவின் மூத்த தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமானதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாயே நாடாளுமன்றத்தில் அறிவித்து, உறுப்பினர்கள் அஞ்சலியும் செலுத்தினார்கள். ஜே.பி. அக்டோபர் வரை இருந்தார். தன் இரங்கல் கூட்டத்துக்கு இவ்வளவு சீக்கிரம் ஆள் சேர்ந்ததை அறிந்தபின்னும் அரை வருஷம் உயிரோடிருக்க நெஞ்சுரம் வேண்டும்.

அன்பினால்தான் பார்க்கிறோம் என்பவர்களிடம் மட்டும் வாதாடத் தயக்கமாக இருக்கிறது. நாட்டை 24 வருஷம் ஆண்டவர்மேல் அக்கறை இருக்கக்கூடாதா? இருக்கட்டும். ஆனால் பதவியில் இருப்பவர் படுத்தால் கோப்பில் யார் கையெழுத்திடுவது என்ற கேள்வி வருகிறது; முன்னாள் தலைவர் படுத்தால் எந்தக் கோப்பும் நிற்பதில்லை. மேலும் இந்த அக்கறை எங்கே வைத்துக் காட்டப்படுகிறது? மாமாக் கடையில், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கோடு, பெரிய திரையில் இருதயக் கழக வாசலைப் பார்த்தபடி. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினருக்கு நீரிழிவு. அந்தக் கடையில் அதிக ஆபத்தில் இருப்பவர் திரைக்கு உள்ளே இல்லை.

பிறகு எப்படித்தான் செய்தி சொல்வது? ஆற்று நீர்மட்டம் சொல்வதுபோல. வடிகால் துறை ஒரு நேரம், ஓர் இடம், ஓர் எண், அபாய அளவா இல்லையா என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஆற்றின் பால்ய நண்பரை அழைத்துப் பேட்டி காண்பதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து மூழ்கிய ஊர் எங்கள் கோத்தா திங்கி. இங்கே அந்த ஓர் எண்ணுக்கு உள்ள மதிப்பு எந்த நேரலைக்கும் கிடையாது. ஆகவே ஆசிரியர்களே, பெரியவர் அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போகும்போது காலையில் ஒரு வரி, மாலையில் ஒரு வரி போடுங்கள். அது மழைக்காலமாக இருந்தால் மிச்ச நேரத்தில் ஜொகூர் ஆறு எத்தனை மீட்டர் என்று சொல்லுங்கள், நாங்கள் வண்டியை மேட்டுக்கு ஏற்ற வேண்டும்.