கேலிக்கும் ஒரு ரேட்டு

எண்பதுகளில் செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டுச் சலூனுக்கு, சோ நடத்திய அரசியல் நையாண்டிப் பத்திரிகையான துக்ளக் ஒரு பிரதி வரும். நாலு பேர் காசு போட்டு வாங்குவது. ஆவடி டேங்க் ஃபேக்டரி, பெரம்பூர் லோகோ, அம்பத்தூர் எஸ்டேட் என்று ஷிஃப்ட் முடிந்து ரயிலிறங்கும் ஆட்கள் ஷேவிங் சாக்கில் உட்கார்ந்து படிப்பார்கள். நுரை பூசிய முகம் குலுங்கிச் சிரித்தால் கத்தி பட்டுவிடும். அதனால் துக்ளக் யார் கையில் இருக்கிறதோ அவருக்குக் கடைசியில்தான் ஷேவிங்.

"துட்டு வாங்கினு எழுதுறான்யா இந்த மொட்டை" என்பார் ஒரு தி.மு.க.காரர், பக்கத்தைப் புரட்டியபடியே. "எவன்கிட்டண்ணே? எல்லாரையும்தான் திட்டுறாரு. அப்போ எல்லாரும் சேர்ந்து சீட்டு கட்டிக் குடுக்கிறாங்களா?" என்பார் சலூன்காரர். விவாதம் அதோடு முடிந்துவிடும்.

1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்ற கேள்விக்கு, ஒருவரைப் பிக்பாக்கெட் என்றும் இன்னொருவரை முகமூடிக் கொள்ளைக்காரர் என்றும் அடையாளம் காட்டும் ஜோக். தமிழ்நாடு சட்டசபை சபாநாயகர் பி.எச்.பாண்டியன் விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார். நாடு முழுக்கப் பத்திரிகையாளர்கள் கொதித்ததில் இரண்டே நாளில் விட்டுவிட்டார்கள். பாலசுப்ரமணியன் அதோடு விடவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்தார். நஷ்டஈடு ஆயிரம் ரூபாய். அதைச் செலவழிக்காமல் ஃபிரேம் போட்டு வைத்துக்கொண்டார். கேலி செய்தவர் சர்க்கார் பணம் வாங்கிய கதைகளில் நான் முழு மனதோடு கைதட்டுவது அந்த ஆயிரத்துக்கு மட்டும்தான்.

மற்ற கதைகள் அவ்வளவு சுத்தமில்லை. சோ 1968-ல் மேடையேற்றிய 'முகமது பின் துக்ளக்' நாடகத்தில், கட்சி தாவி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி வாரி வழங்கப்படும். பதவி என்றால் மனுஷன் எப்படி வாலாட்டுவான் என்பதை அதைவிடச் சிரிப்பாகச் சொன்னவர் தமிழில் இல்லை. அதே சோ 1999-ல், வாஜ்பாய் ஆட்சியில், ராஜ்யசபாவின் நியமன உறுப்பினர் ஆனார். 2005 வரை இருந்தார். எம்.பி. சம்பளம் அப்போது மாதம் 4,000 ரூபாய், பிறகு 12,000. ஒரு மனிதரை வாங்குவதற்கு அது ஒரு தொகையே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சலூனில் அன்று ஒரு சின்ன மௌனம். தி.மு.க.காரர் மட்டும் சலூன்காரரைப் பார்த்து, "சீட்டு விழுந்துடுச்சுபா" என்றார். சோ அதற்குப் பிறகும் பா.ஜ.க.வைக் கிண்டல் செய்தார்தான். ஆனால் கத்தி கொஞ்சம் மழுங்கியது போல எனக்குப் பட்டது. துக்ளக்கில் அவருக்குப் பின் ஆசிரியரான குருமூர்த்தி, 2018-ல் ரிசர்வ் வங்கி இயக்குநர் குழுவுக்கே போனார். பத்திரிகைக்கு என்ன வளர்ச்சி!

டெல்லி கார்ட்டூனிஸ்ட் சங்கர் கதை இன்னும் விசேஷம். தன்னையும் விட்டுவைக்காதே என்று நேருவே கேட்டுக்கொண்டவர். 'சங்கர்ஸ் வீக்லி'யை 1975-ல், எமர்ஜென்சி நாட்களில் மூடினார். 1976-ல் அதே அரசு பத்மவிபூஷண் கொடுத்தது. கடை திறந்திருந்தபோது பத்மஸ்ரீயும் பத்மபூஷணும். மூடிய பிறகு அதைவிடப் பெரிது.

இப்போது செவ்வாப்பேட்டை சலூனில் ஏ.சி. நடத்துவது பழைய சலூன்காரரின் மகன். சிரிக்க விரும்புகிறவர் போனை எடுத்துக்கொள்கிறார். டிரிம்மர் என்பதால் குலுங்கிச் சிரித்தாலும் ஆபத்தில்லை. யாராவது ஒரு கட்சியைக் கலாய்த்தால், "ஒரு கமெண்டுக்கு இருநூறு ரூபா" என்று பதில் வருகிறது. அந்தக் காலத்தில் 'துட்டு' என்று பொத்தாம்பொதுவாகச் சந்தேகப்பட்டோம். இப்போது சந்தேகத்துக்கே ரேட் கார்டு இருக்கிறது. உத்தரப் பிரதேச அரசு 2024-ல் நிஜமாகவே ஒன்று போட்டுவிட்டது: அரசுத் திட்டங்களைப் பரப்பும் யூடியூபர்களுக்கு மாதம் 8 லட்சம் ரூபாய் வரை, இன்ஸ்டாகிராம் என்றால் அதைவிடக் குறைவு. மாதம் எட்டு லட்சம் தருகிற முதலாளியை எவன் கேலி செய்வான்? எதிர்க்கட்சியைத்தான் செய்வான். ஆள்கிறவனைக் கேலி செய்வதும், ஆள்கிறவனுக்காக அடுத்தவனைக் கேலி செய்வதும் போன் திரையில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

சோ வாங்கிய பதவி ஊரறிய வாங்கியது. வாசகன் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துக்கொண்டு படிக்க முடிந்தது. இன்று யார் யாரிடம் வாங்குகிறார்கள் என்று பார்க்கிறவனுக்குத் தெரிவதில்லை. தமிழ்நாடு அரசு பேப்பரில் ஒரு டெண்டர் விளம்பரம் கொடுத்தால்கூட, கீழே பொடி எழுத்தில் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் எண் இருக்கும். கலாய்க்கிற தம்பிகளே, வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வீடியோவுக்குக் கீழே அந்த மாதிரி ஒரு எண்ணை மட்டும் போட்டுவிடுங்கள்.