கீழே, இடது ஓரம்

இயங்குதளம் கம்ப்யூட்டருக்குள் இருப்பதாகப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். எங்கள் குடும்பத்தில் அது போனில் இருக்கிறது. அப்பா கம்ப்யூட்டரைப் போடுவார், ஏதோ ஒன்று காணாமல் போகும், எனக்குப் போன் வரும். நான் அலுவலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு, கண்ணால் பார்க்காத திரைக்கு வழி சொல்வேன்.

"கீழே, இடது ஓரத்துல பட்டன் இருக்கா? அதை அமுக்குங்கப்பா."

"எனக்கு இடதா, கம்ப்யூட்டருக்கு இடதா?"

நியாயமான கேள்விதான். அது அவரைப் பார்த்துத்தானே உட்கார்ந்திருக்கிறது!

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வந்தபோது 'ஸ்டார்ட்' பட்டனை அந்த மூலையில் குடிவைத்தார்கள். அன்று முதல் பிள்ளைகள் அப்பாவுக்கும், மருமகன்கள் மாமனாருக்கும், கடைக்காரப் பையன்கள் ஊருக்கெல்லாமும் சொன்ன வழி அத்தனையும் அந்த மூலையில்தான் தொடங்கியது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்தது, பட்டனையே காணோம். மூலைக்குச் சுட்டியைக் கொண்டுபோனால் தரிசனம் கிடைக்கும் என்றார்கள். இருக்கிற பட்டனையே போனில் காட்டுவது கஷ்டம். இல்லாததை எங்கே காட்ட? ஊர் உலகமெல்லாம் புலம்பி, அடுத்த ஆண்டு 8.1இல் பட்டன் வீடு திரும்பியது. பிறகு 9 என்ற எண்ணையே தாண்டிக் குதித்து 10க்குப் போனார்கள். 2021இல் வந்த 11இல் பட்டன் நடுவுக்கு வந்துவிட்டது. சும்மா வரவில்லை; புரோகிராம்களைத் திறக்கத் திறக்க இடப்பக்கமாக நகர்ந்து இடமும் விடுகிறது. பழையபடி ஓரத்துக்கே கொண்டுபோக 'செட்டிங்ஸில்' வழி உண்டு. அதற்கு எப்படிப் போவது என்று போனில் கேட்டால், "முதல்ல அந்தப் பட்டனை அமுக்குங்க" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

இதற்கிடையே 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 பணி ஓய்வு பெற்றது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்றொரு பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். 2017க்கு முந்தைய இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்பாவின் கம்ப்யூட்டர் அதற்கும் மூத்தது. "நல்லாத்தானே ஓடுது? எதுக்கு ரிட்டயர் பண்றாங்க?" என்றார். வீட்டு உபயோகக்காரர்களுக்கு ஓராண்டு பாதுகாப்பு நீட்டிப்பு உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். அரசு வேலையில் இருந்தவர். பணி நீட்டிப்பு வாங்கியவர்கள் பட்ட பாட்டையெல்லாம் நேரில் பார்த்தவர். வேண்டாம் என்றுவிட்டார்.

மாற்று தேடினோம். மாற்று என்றால் முதலில் வருவது மென்பொருள் அல்ல, ஆலோசகர். எதிர்வீட்டுக்காரர் மேக் வாங்கச் சொன்னார். மேக்கின் இயங்குதளத்துக்குத் தனியாகக் காசு இல்லை. ஆனால் ஆப்பிள் கம்ப்யூட்டரை வாங்கினால்தான் அது வரும். வென்ச்சுரா, சொனோமா, செக்கோயா என்று ஒவ்வொரு பதிப்புக்கும் கலிபோர்னியாவில் இருக்கும் இடங்களின் பெயர் என்று பெருமையாக விளக்கினார். விலையைக் கேட்டதும் அப்பா, "இந்தக் காசுக்கு அந்த ஊருக்கே போயிட்டு வந்துடலாம் போலிருக்கே" என்றார்.

அடுத்து வந்தவன் அக்கா மகன். பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்ததாம். வகுப்பிலேயே அதைத் திறந்து பார்த்தவன் தான் ஒருவன்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறான். ஹெல்சின்கியில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான் லினக்ஸ், இன்று உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் ஓடுவது அதில்தான் என்று அடுக்கினான். அப்பா அசையவில்லை.

"தாத்தா, உங்க ஆண்ட்ராய்டு போனுக்குள்ள இருக்கிறதும் லினக்ஸ்தான்."

"எனக்குத் தெரியாம யாரு போட்டது?" என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

லினக்ஸ் என்று முடிவானதும் எந்த லினக்ஸ் என்ற பஞ்சாயத்து தொடங்கியது. உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன். அக்கா மகனும் அவன் அறை நண்பனும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து போட்ட சண்டையில், அம்மா இரண்டு முறை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, சொத்துத் தகராறா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். கடைசியில் மின்ட் ஜெயித்தது. பழைய கம்ப்யூட்டர் சிணுங்காமல் எழுந்தது. அப்பா திரையைப் பார்த்தார். கீழே, இடது ஓரத்தில், மூலையில், பட்டன்! "இதைத்தானேடா கேட்டேன்" என்றார். விண்டோஸ்காரர்கள் காலிசெய்த மனையில் லினக்ஸ்காரர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

குறை ஒன்றுமில்லை என்று சொல்ல ஆசைதான். ஒருநாள் பிரின்டருக்காக டெர்மினலில் ஒரு கட்டளை அடிக்க வேண்டியிருந்தது. பெங்களூரில் இருந்து பேரன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, தாத்தா ஒற்றை விரலால் தட்டினார்.

"இப்ப ஸ்பேஸ் விடுங்க தாத்தா."

"எவ்வளவு?"

பிறகு 'கோடு' வந்தது. மேல்கோடா, நடுக்கோடா, அடிக்கோடா என்பதில் பேரனின் சாப்பாட்டு இடைவேளை முடிந்துபோனது.

எது சிறந்த இயங்குதளம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு இப்போது ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: உங்கள் வீட்டில், கேட்டால் கோபப்படாத ஆளுக்கு எது தெரியுமோ, அது. லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் கிடையாது என்பது உண்மை. ஆனால் அக்கா மகனிடம் இனி சண்டை போட முடியாது. தீபாவளிக்கு அவனுக்கு வாங்கும் சட்டையின் விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

இப்போது அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அக்கா நட்சத்திரம் பார்க்கிறாள், அத்திம்பேர் குடும்பம் பார்க்கிறார். அப்பா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பெண்ணுக்கு லினக்ஸ் தெரியுமா? இவன் போனை எடுக்காத நேரத்தில் கூப்பிட இன்னொரு நம்பர் வேண்டுமாம்.