விதிப்படி 25 கிலோமீட்டர்

மலையில் குப்பை நிரப்பும் கிடங்கு கூடாது; 25 கிலோமீட்டருக்குள் சமவெளியில் இடம் பார்க்கவும். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் மலை நகரங்களுக்கு இப்படித்தான் எழுதினார்கள்.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் கொடைக்கானலுக்குப் பெரியகுளம் கூப்பிடு தூரம்தான். காக்கைக்கு அது போதும். குப்பை லாரியோ வத்தலக்குண்டு சாலையில் போக வேண்டும். வெள்ளி நீர்வீழ்ச்சி, பெருமாள்மலை தாண்டி 25 கிலோமீட்டர் உருட்டிய பிறகும் கொண்டை ஊசி வளைவில்தான் நிற்கும்.

ஆகவே குப்பை மலையை விட்டு இறங்காமல் டைகர் சோலைப் பக்கம், பிரகாசபுரத்தில் சேர்ந்தது. சோலைக்காடு ஓடைக்குத் தண்ணீர் தரும் இடம். ஓடைக்குச் சமவெளி போக வழி தெரியும். விதிப் புத்தகத்தை யாரும் மீறவில்லை, கொஞ்சம் நனைந்துவிட்டது, அவ்வளவே.

மேலே போகிறவர்களே, இ-பாஸ் எடுத்தால் மட்டும் போதாது. பாட்டிலையும் கீழே எடுத்து வாருங்கள்.