சேலை வேலியியல்: ஒரு முன்னாய்வு

சேலை வேலி என்பது யாதெனின், உடுத்திப் பழசான சேலைகளை விளைநிலத்தின் வரப்போரம் நட்ட குச்சிகளில் நீளவாக்கில் கட்டி, காட்டுப்பன்றியை உள்ளே விடாமல் தடுக்க முயல்வதாகும். ‘தடுப்பது’ என்னாது ‘தடுக்க முயல்வது’ என்றது என்னையெனின், அம்முயற்சி எத்தனை நாளைக்குப் பலிக்கும் என்பதே இவ்வாய்வின் பொருள் ஆகலான் என்க.

உடுமலையிலிருந்து பழனிக்கு மார்கழி மாதத்தில் பேருந்தில் போகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இந்த வேலியைப் பார்க்கலாம். ஆளுயர மக்காச்சோளக் காட்டைச் சுற்றி ரோஸ், ஊதா, கிளிப்பச்சை, மெரூன் என்று சேலைகள் வரிசையாக நிற்கும். நெசவு, சாயம், கரை, முந்தி என்று சேலையைப் பற்றி நம்மிடம் நூல்கள் ஏராளம். கிழிந்த பிறகு அது என்ன உத்தியோகம் பார்க்கிறது என்று எழுதினவர்கள் குறைவு. அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்துவைப்பதே நோக்கம்.

ஏன் மார்கழி என்ற கேள்வி முதலில் எழும். புரட்டாசியில் போட்ட மக்காச்சோளம் கார்த்திகைக் கடைசியில், மார்கழித் தொடக்கத்தில் பால் பிடிக்கிறது. நகத்தால் கீறினால் வெள்ளையாகக் கசியும் அந்தப் பருவத்துக் கதிரைப் போல இனிப்பான பொருள் அந்த வட்டாரத்தில் வேறில்லை. அதே மாதத்தில்தான் மார்கழிப் பட்டத்து நிலக்கடலையும் விதைக்கிறார்கள். விதைத்த சாலை மூக்கால் உழுதுகொண்டே போய் ஒவ்வொரு பருப்பாக எடுத்துத் தின்னப் பன்றிக்கு ஒரு ராத்திரி போதும். இதோடு பனி. ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. எட்டு மணிக்குச் சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், திண்ணையில் உட்கார முடிவதில்லை. குளிர் விவசாயிக்கும் பன்றிக்கும் பொதுதான். கம்பளி ஒருவருக்கு மட்டும்தான் தேவைப்படுகிறது. காவலுக்குப் போன ஆள் பரணில் போர்த்திக்கொண்டு கண்ணயரும் நேரமும், ஓடைக்கரைச் சீமைக்கருவேலம் புதரிலிருந்து தாய்ப்பன்றி குட்டிகளோடு கிளம்பும் நேரமும் ஒன்றாக அமைந்திருப்பதைத் தற்செயல் என்று சொல்ல மனம் வரவில்லை.

வரலாற்றுக்கு வருவோம். புனங்காவலுக்குத் தழல், தட்டை, குளிர் என்ற கருவிகள் இருந்ததைக் குறிஞ்சிப்பாட்டு சொல்கிறது. ஆனால் அவை பகலில் கிளி ஓட்டப் பயன்பட்டவை. பன்றி விஷயத்தில் நமக்குக் கிடைக்கும் தலைசிறந்த சான்று நற்றிணையின் 98ஆம் பாட்டு. தினைப்புனத்தின் குறுகலான நுழைவில் பொறி வைத்திருக்கிறார்கள். பன்றி தலையை உள்ளே விடுகிற நேரத்தில் பக்கத்தில் ஒரு பல்லி சொல்கிறது. சகுனம் சரியில்லை என்று பன்றி சத்தமில்லாமல் பின்வாங்கித் தன் கல்முழைக்கே திரும்பிவிடுகிறது. ஆள்கூலி, கம்பி, பேட்டரி எதுவும் இல்லாமல் முழு வெற்றி பெற்ற விரட்டியாக ஏட்டில் பதிவானது, நானறிந்தவரை இந்தப் பல்லி ஒன்றுதான். எங்கள் ஆய்வுக்களமான சாளையின் சுவரில் குறைந்தது ஒரு டஜன் பல்லிகள் இரவெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. பன்றிகளிடையே தெய்வ நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது.

பல்லிக்கும் சேலைக்கும் இடைப்பட்ட காலத்தில் பல விரட்டிகள் வந்துபோயின. அவற்றில் ஒவ்வொன்றும் மார்கழியில் எப்படித் தோற்கிறது என்பது தனிச் சுவை. முடி வெட்டும் கடையிலிருந்து மயிரை மூட்டையாக வாங்கிவந்து வரப்பில் தூவுவார்கள். தரையை முகர்ந்தபடி வரும் பன்றியின் மூக்கில் மயிர் ஏறி, அது தும்மிக்கொண்டே ஓடும் என்பது சித்தாந்தம். பனியில் நனைந்த மயிர் தரையோடு ஒட்டிக்கொள்ளும், மூக்கில் ஏறாது. அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. கார்த்திகை, மார்கழியில் ஊரில் பாதி ஆண்கள் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். விரதம் முடியும்வரை முடியும் வெட்டமாட்டார்கள், தாடியும் மழிக்கமாட்டார்கள். தேவை உச்சத்தில் இருக்கும் மாதத்தில் சரக்கு வரத்து அடியோடு படுத்துவிடுகிறது. பொருளாதார அறிஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காலி பீர் பாட்டிலைக் கயிற்றில் ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டால் காற்றில் மோதி ஒலிக்கும். ஆடியில் ஒலிக்கும். மார்கழி இரவில் இலைகூட அசையாது. ஒலிபெருக்கியில் நாய் குரைப்பதைப் பதிவு செய்து போடுகிறார்கள். அதைக் கேட்டு முதலில் குழம்புவது சாளையில் கட்டியிருக்கும் சொந்த நாய். அது பதில் சொல்லத் தொடங்கினால் விடியவிடிய விவாதம் ஓயாது. பன்றி அந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் சேராமல் கதிர் தின்னும். ஒலியால் பன்றி நகர்ந்த ஒரே சந்தர்ப்பம் விடியற்காலை நாலரைக்கு மாரியம்மன் கோயிலில் ரேடியோ செட் போடும்போதுதான். அதற்குள் பன்றிக்கு வயிறு நிறைந்திருக்கும். ஆகவே அது பக்திப் பாட்டுக்குப் பயந்து போகிறதா, வேலை முடிந்து போகிறதா என்று பிரித்தறிய வழியில்லை.

மின்சாரக் கம்பியைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். கொக்கி போட்டு இழுத்த திருட்டு மின்சாரம் பன்றியையும் யானையையும் கொல்கிறது, இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதனையும் கொல்கிறது. இந்தக் கட்டுரையின் விளையாட்டுக்கு அது அப்பாற்பட்டது.

இனிச் சேலை. அது ஏன் வேலை செய்கிறது? பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு அபாரம். ராத்திரி வழக்கமான தடத்தில் வந்தால் நேற்றுவரை இல்லாத ஒரு சுவர் நிற்கிறது. அதற்கப்பால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. சுவரிலிருந்து மஞ்சள், தேங்காயெண்ணெய், அடுப்புப் புகை, பீரோவில் போட்ட ரசகற்பூர உருண்டை எல்லாம் கலந்த மனித வாசம் வருகிறது. சந்தேகப் பிராணி நின்று யோசிக்கும்; யோசித்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். சேலை வேலி பன்றியை விரட்டுவதில்லை, அண்டை வீட்டாருக்கு அனுப்பிவைக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் ஒரு தோட்டத்தில் கட்டினால் நாலே நாளில் ஊரே கட்டிவிடுகிறது.

நிறம் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. டீக்கடைக் கட்சி, சிவப்பைக் கண்டால் பன்றிக்கு ஆகாது என்று அடித்துச் சொல்கிறது. பன்றியின் கண்ணில் நிறம் காணும் கூம்புகள் இரண்டே வகை. நீலம் தெரியும், சிவப்பைப் பிரித்தறிய முடியாது என்கிறது உயிரியல். ஆகவே அறிவியல்படி வேலி முழுக்க நீலச் சேலையாக இருக்க வேண்டும். நடைமுறையில் மெரூனும் அரக்கும் மாம்பழ மஞ்சளுமே மிகுதி. ஏனென்றால் சேலை எடுத்த காலத்தில் ஜவுளிக்கடையில் யாரும் பன்றியின் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை.

துணியின் வகை இதைவிட முக்கியம். பருத்திச் சேலை பனியைக் குடித்துக் கனத்து, விடிவதற்குள் நடுவில் தொய்ந்துவிடும். அந்தத் தொய்வு பன்றிக்குக் கதவு. பாலியஸ்டர் சேலை பனியை உதறிவிட்டு நிற்கும், இரண்டு மூன்று வருஷம் மட்காது. உடுத்தும்போது வேர்க்கிறது என்று வசை வாங்கிய துணி, வேலியில்தான் தன் குணத்தைக் காட்டுகிறது.

அளவையியலைத் தவிர்க்க முடியாது. ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 63.6 மீட்டர், சுற்றளவு 254 மீட்டர். சேலை ஒன்றின் நீளம் ஐந்தரை மீட்டர். முடிச்சுக்குத் துணி விடாமல் கணக்கிட்டாலே 46 சேலை தாண்டும். முடிச்சுக்கு அரை மீட்டர் விட்டால் 51. ஐந்து ஏக்கருக்கு ஐந்து மடங்கு வேண்டுமா என்றால் வேண்டாம். முடிச்சு நீங்கலாக 104 போதும். ஏக்கருக்கு 21தான் ஆகிறது. பெருநிலக்காரருக்கு எதிலும் சலுகை என்பது இதிலும் மெய்யாகிறது. மடிசார்ப் புடவையாக இருந்தால் ஒரு ஏக்கருக்கு 31 போதும், ஆனால் அதை மக்காச்சோளத்துக்குத் திரட்டுவது நடக்கிற காரியமல்ல.

ஐம்பத்தொரு பழஞ்சேலை ஒரு வீட்டில் இருக்காது. இங்கேதான் ஆய்வு விலங்கியலை விட்டு உறவுமுறைக்குள் நுழைகிறது. பற்றாக்குறைக்குச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் பழந்துணி வாங்குகிறார்கள். பழஞ்சேலைக்கு ஈயப் பாத்திரம் கொடுக்கிற வியாபாரியிடமும் சொல்லிவைக்கிறார்கள். மிச்சம் வீட்டுப் பெண்கள் தருவது. எந்தச் சேலையை எந்தப் பக்கம் கட்டுவது என்பதில் எழுதாத விதி ஒன்று இருப்பதைக் களத்தில் கண்டோம். நாத்தனார் எடுத்துக் கொடுத்தது, சம்பந்தி வீட்டுச் சீர், வளைகாப்புக்கு வந்தது ஆகியவை காட்டுப் பக்கம். யாருடையதென்று தெரியாத சந்தைச் சேலைகள் ரோட்டுப் பக்கம். விதியை அறியாத வேலையாள் ஒருவர் மாற்றிக் கட்டிவிட்டார். டவுன் பஸ்ஸில் போன அத்தை, பஸ்ஸை நிறுத்தாத குறையாக இறங்கி வந்து, “ஏனுங் மருமவளே, சின்னவன் கல்யாணத்துக்கு நான் எடுத்துக் குடுத்த சேலை பன்னிக்குத்தான் பொருத்தம்னு பட்டுதுங்களா?” என்று கேட்டார். பன்றி நுழைந்திருந்தால் அரை ஏக்கர் கதிரோடு போயிருக்கும். இது மூன்று பொங்கலுக்கு நீடித்தது.

துவைத்துக் கட்டுவதா, துவைக்காமல் கட்டுவதா என்பதிலும் கருத்து வேற்றுமை. மனித வாசம் வேண்டும் என்பதால் துவைக்கக் கூடாது என்பது ஆண்களின் தரப்பு. ஊர் பார்க்கிற இடத்தில் அழுக்குச் சேலையைக் கட்டி மானத்தை வாங்குவதா என்பது பெண்களின் தரப்பு. நாங்கள் பார்த்த எல்லா வேலிகளும் துவைத்தவையே. கந்தையானாலும் கசக்கித்தான் கட்டியிருந்தார்கள்.

மயிலுக்கு இந்த ஆய்வில் ஓர் இடைக்குறிப்பு போதும். 1963இல் தேசியப் பறவையான இது, மழைக்காலம் முடியும்போது தோகையை உதிர்த்துவிட்டு மார்கழியில் அரைகுறை வாலோடு திரிகிறது. சேலை வேலியை அது பார்த்தது. குச்சியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எத்தனை நாள் என்ற மூலக் கேள்விக்கு வேலியின் கீழ்விளிம்பில் விடை இருந்தது. காட்டுப் பக்கம் தெற்கு மூலையில் ஒரு பச்சைப் பூப்போட்ட சேலை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் காய்ந்த சேறு கையகலத்துக்குத் தேய்ந்திருந்தது. ஜரிகை பிரிந்த இடத்தில் நாலைந்து மயிர்கள் சிக்கியிருந்தன: கறுத்து, கம்பி போல விறைத்து, நுனி இரண்டாகப் பிளந்தவை. அந்தச் சேலைக்கு அந்தப்புறம் இருபது தட்டைகள் சாய்ந்து, கதிர்கள் மட்டும் சப்பித் துப்பப்பட்டிருந்தன. அந்தத் தோட்டத்தில் விதைத்த வாரமே வேலி கட்டியாயிற்று. கதிர் பால் பிடித்தபோது அது பன்றிக்குச் சுவராக இல்லை. இரண்டு மாதமாகத் தினமும் பார்த்த துணி. பக்கத்துத் தோட்டத்து மாமா ஆண் பூ வந்து, கதிரில் பட்டுநூல் கறுக்கத் தொடங்கிய பிறகுதான் கட்டினார். பால் இறுகி மணியாக மூன்று வாரம் ஆகும். அவருக்கு அந்த மூன்று வாரம் மட்டும் பன்றி பயந்தால் போதும், பயந்தது. சேலையின் வீரியம் துணியில் இல்லை, பன்றிக்கு அது புதிதாக இருப்பதில் இருக்கிறது. அதை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறவர்களே சேலை வேலி ஏமாற்று என்று டீக்கடையில் பேசுகிறவர்கள்.

சட்டமும் பன்றியின் நடமாட்டத்தை ஆராய்ந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கப்பால் வனத்துறையினர் சுடலாம். மாமாவின் தோட்டம் இரண்டாவது கிலோமீட்டரில் இருக்கிறது. பன்றி முதல் கிலோமீட்டரில் தூங்குகிறது, இரண்டாவதில் சாப்பிடுகிறது, மூன்றாவதைத் தாண்டியதாகத் தகவல் இல்லை. நில அளவைத் துறைகூட இத்தனை துல்லியமாக எல்லை பார்த்ததில்லை.

தை பிறந்து கதிர் ஒடித்தாயிற்று. மாமா சேலைகளை அவிழ்த்துச் சுருட்டி, நிலக்கடலைக் காட்டுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். இந்த ஆய்வின் முடிவுப்படி அது பயனற்ற செயல் என்பதை எடுத்துச் சொன்னோம். பன்றி இந்தச் சேலைகளைப் பார்த்துப் பழகிவிட்டது. புதிய சேலைதான் கட்ட வேண்டும்.

மாமா ஒரு முடிச்சைப் பல்லால் அவிழ்த்தபடி, “அட போங்க மாப்ளே, பழகுனது கெழட்டுப் பன்னிக்குத்தானுங்க. இந்த வருசம் போட்ட குட்டிகளுக்கு இது புதுச் சேலைதானுங்களே” என்றார்.

தாய்ப்பன்றி குட்டிகளுக்குச் சொல்லிக் கொடுக்காதா என்று கேட்டோம்.

“சொல்லுமுங்க. நம்ம பசங்க கேக்கறாங்களா?”