சித்திரக்குள்ளனின் பொருளாதாரம்: வால்டார்ஃப் பள்ளிப் பஜார் குறித்து ஓர் ஆய்வு

பொருளியல் அறிஞர்கள் தங்கத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கச்சா எண்ணெயையும் கோதுமையையும் விட்டுவைக்கவில்லை. கம்பளிச் சித்திரக்குள்ளனை மட்டும் யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. சாயமேற்றிய ஆட்டுக் கம்பளி நாரைச் சிறு மெத்தைமேல் வைத்து, பக்கவாட்டில் நுண்ணிய வெட்டுகள் உள்ள ஊசியால் பல நூறு முறை குத்தினால் நார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகும். இறுகியதன் தலையில் கூம்புத் தொப்பி வைத்தால் குள்ளன் தயார். கண்ணும் மூக்கும் பெரும்பாலும் இருக்காது. முகபாவத்தைக் குழந்தையே கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்பது வால்டார்ஃப் பள்ளிகளின் கொள்கை. செய்தவரின் பொறுமை தொப்பியோடு தீர்ந்துவிட்டது என்பது மாற்றுக் கொள்கை. இரண்டில் எது சரி என்று இக்கட்டுரை தீர்ப்புச் சொல்லாது. இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. ஜெர்மனியில் ஏறத்தாழ 250 வால்டார்ஃப் பள்ளிகள் இருக்கின்றன. நவம்பர் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்குவதையொட்டி, அவற்றுள் பல பள்ளிகள் பஜார் நடத்திப் பணம் திரட்டுகின்றன. அங்கே மேசைமேல் வரிசையாக நிற்கும் இந்தக் குள்ளனை விற்பவர் யார், வாங்குபவர் யார், கிடைக்கிற இலாபம் உண்மையில் இலாபம்தானா?

முதலில் குலமுறை. 1919 செப்டம்பர் 7 அன்று ஸ்டுட்கார்ட் நகரின் ஊலாண்ட்ஸ்ஹோஹே குன்றின்மேல், முன்பு உணவகமாக இருந்த கட்டடத்தில், 256 பிள்ளைகளோடு முதல் வால்டார்ஃப் பள்ளி திறக்கப்பட்டது. பாடமுறையை வகுத்தவர் ருடால்ஃப் ஸ்டைனர். பணம் போட்டவர் எமில் மோல்ட். வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலையின் முதலாளி. தன் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றுதான் அவர் தொடங்கினார். பிளாஸ்டிக் பொம்மையைக் கண்டால் முகம் சுளிக்கிற, மரத்தையும் கம்பளியையும் தேன்மெழுகையும் தவிர வேறெதையும் குழந்தை கையில் கொடுக்க யோசிக்கிற ஒரு கல்வி மரபு சிகரெட் காசில் பிறந்தது என்பதை ஆய்வுலகம் இன்னும் போதிய அளவு ரசிக்கவில்லை. போகட்டும். நமக்கு வேண்டியது இதிலுள்ள நிதிப் பாடம். ஒரே புரவலரை நம்பிய பள்ளி, அவருடைய சரக்கு விற்கிறவரைதான் நிம்மதியாக இருக்க முடியும். மோல்ட்டின் கம்பெனி 1929-இல் கைமாறியது. பள்ளியை 1938-இல் நாஜி அரசு மூடியது. போர் முடிந்த 1945-இல் அது மறுபடி திறந்தது. இன்றைய வால்டார்ஃப் பள்ளிகளுக்குப் பின்னால் சிகரெட் முதலாளி யாரும் இல்லை. அந்த இடத்தில் கேக்குகள் இருக்கின்றன.

கேக்கின் பயணத்தைத் தொடர்ந்து போனால் பஜாரின் கணக்கு விளங்கும். பஜாருக்குச் சில வாரம் முன்பே வகுப்புவாரியாக ஒரு தாள் சுற்றுக்கு வரும்: யார் ஆப்பிள் கேக், யார் வாஃபிள் மாவு, யார் பூசணி சூப், யார் மேசை துடைப்பது. ஆப்பிள் கேக்குக்கு எதிரே பெயர் எழுதிய தாய் மாவும் வெண்ணெயும் முட்டையும் கைக்காசில் வாங்குகிறார். இரவு உட்கார்ந்து சுடுகிறார். காலையில் பள்ளிக்கு இலவசமாகக் கொடுக்கிறார். பிறகு அவர் கணவரும் இரண்டு பிள்ளைகளும் வந்து, அதே கேக்கைத் துண்டு போட்டுக் காசு கொடுத்துத் தின்கிறார்கள். மாலையில் விற்காமல் மிஞ்சிய கால்பாகத்தை, தட்டைத் திரும்ப எடுக்கப் போன அந்தத் தாயே குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். ஒரு குடும்பம் ஒரே கேக் துண்டுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கும் இந்த நிகழ்வை இக்கட்டுரை இரட்டைச் செலவு விதி என்று குறிக்கும். குள்ளனுக்கும் இதே விதிதான், இன்னும் கடுமையாக. பல பஜார்களில் பெரியவர்கள் நுழையக்கூடாத குழந்தைகள் கடை ஒன்று உண்டு. பெற்றோருக்கு ரகசியமாகப் பரிசு வாங்கப் பிள்ளைகள் மட்டும் உள்ளே போவார்கள். உள்ளே அடுக்கியிருப்பதோ பெற்றோர் வாரக்கணக்கில் மாலை வேளைகளில் கூடி உட்கார்ந்து செய்தவை. ஆக, அக்டோபரில் ஒரு தகப்பன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மரச் சாவிக்கொத்து, கிறிஸ்துமஸ் இரவில் வண்ணத்தாள் சுற்றி அவர் கைக்கே வந்து சேர வாய்ப்பு உண்டு. வந்தால், முன்பின் பார்த்திராதவர்போல அவர் வியக்க வேண்டும். இங்கிலாந்து, அமெரிக்கப் பள்ளிகளில் இந்தச் சுழற்சிக்கு மனித உருவமே கொடுத்துவிட்டார்கள். உடம்பெல்லாம் பை தைத்த அங்கியோடு ஒரு பெண்மணி கூட்டத்தில் நடந்துவருவார். குழந்தை சீட்டைக் கொடுத்து ஏதாவதொரு பைக்குள் கைவிட்டு, கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். கிடைத்தது சொந்த அம்மா குத்திய குள்ளனாக இருப்பது நிகழ்தகவின்பாற்பட்டது. பள்ளி சிறிதாகச் சிறிதாக அந்த நிகழ்தகவு ஏறும்.

மானிடவியலார்க்கு இது புதிதன்று. டிரோபிரியாண்டுத் தீவுகளின் குலா வட்டத்தைப் பற்றி மாலினோவ்ஸ்கி 1922-இல் எழுதினார். சிப்பிக் கழுத்தணிகள் தீவுக்குத் தீவு வலமாகவும் கைவளைகள் இடமாகவும் சுற்றிக்கொண்டே இருக்கும். யாரும் அவற்றை நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. சுற்றுவதால்தான் அவற்றுக்கு மதிப்பு. ஆனால் குலாவுக்குப் படகும் கடலும் ஆபத்தும் தேவைப்பட்டன. வால்டார்ஃப் பஜார் அதே விளைவை ஒரு விளையாட்டு அரங்கத்துக்குள், காலை பதினொரு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையே முடித்துவிடுகிறது.

இங்கே ஒருவர் எழுந்து, இத்தனை சுற்று எதற்கு, கேக்கின் விலையையும் அதற்குச் செலவான நேரத்தின் விலையையும் சேர்த்து ஒரு காசோலையாகக் கொடுத்தால் பள்ளிக்கு இதைவிட அதிகம் கிடைக்காதோ எனின், கிடைக்கும். மறுக்கவில்லை. அப்படியானால் கட்டணத்தையே உயர்த்திவிடலாமே எனின், அற்றன்று. ஜெர்மனியின் 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, தனியார் பள்ளிகளை அனுமதிக்கும்போதே, பெற்றோரின் வசதியைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது என்றும் நிபந்தனை வைக்கிறது. அதனால் பள்ளிகள் பலவும் வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்குகின்றன; ஓர் அளவுக்குமேல் ஏற்ற முடியாது. அரசு மானியம் உண்டு, ஆனால் முழுச் செலவுக்கும் போதாது. பல மாநிலங்களில் புதிய பள்ளி தொடங்கினால் முதல் சில ஆண்டுகள் அந்த மானியமும் வராது. தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். ஆக பற்றாக்குறை என்பது நடிப்பன்று. மெய்யான ஓட்டை, கட்டணத்தால் அடைக்க முடியாத ஓட்டை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கூடி உறவு வளர்ப்போம் வாருங்கள் என்று அழைத்தால் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேசை தூக்க எந்தத் தகப்பனும் வரமாட்டான். கூரை ஒழுகுகிறது என்றால் வருவான். பணம் குறைவதால் ஆட்கள் சேர்கிறார்கள்; சேர்ந்தபின் பள்ளிக்குக் கிடைப்பதில் பணம் சிறு பகுதி. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

துணிபுக்குச் சான்று தேன்மெழுகுப் பானையில் இருக்கிறது. தேன்மெழுகு ஏறத்தாழ 63 டிகிரி செல்சியஸில் உருகும். உயரமான பாத்திரத்தில் அதை உருக்கி வைத்து, திரியை முக்கி எடுத்தால் மெல்லிய ஒரு படலம் ஒட்டும். அது ஆறுமுன் மறுபடி முக்கினால் ஒட்டியதும் உருகி ஓடிவிடும். ஆகவே முக்கிவிட்டு நகர வேண்டும். அறையைச் சுற்றி மெல்ல நடந்து வந்து மறுபடி முக்க வேண்டும். விரல் பருமன் மெழுகுவத்தி வேண்டுமென்றால் இருபது முப்பது முறைகூட ஆகலாம். அவசரப்பட வழியே இல்லாத இந்தப் பண்டத்தைப் பஜாரின் நடுவில் வைத்தது தற்செயல் என்று நம்ப முடியவில்லை. குழந்தை வட்டமிடுகிறது, குழந்தையை விட்டுப் போக முடியாமல் பெற்றோரும் வட்டமிடுகிறார்கள். மெழுகு ஆறும் அந்த இடைவெளியில், வசந்த விழாக் குழுவுக்கு ஆள் தேடும் ஒருவர் பக்கத்தில் வந்து நடக்கத் தொடங்குகிறார். ஏழாம் சுற்றுக்குள் பேச்சு பழக்கமாகும். பதினைந்தாம் சுற்றில் பெயர் தாளில் ஏறியிருக்கும். மின்சார விளக்கு வந்து நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்தப் பள்ளிகள் மெழுகுவத்தியை விடாமலிருப்பதற்கு ஆன்மிகக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. நிர்வாகக் காரணமும் குறைந்ததன்று.

நிர்வாகம் என்றதும் இன்னொரு செய்தி. வால்டார்ஃப் பள்ளிகளில் வழக்கமான பொருளில் தலைமையாசிரியர் கிடையாது. ஸ்டுட்கார்ட்டிலேயே பள்ளியை ஆசிரியர்கள் கூடிப் பேசித்தான் நடத்த வேண்டும் என்று வைத்தார்கள். பணக் கணக்கையும் கட்டடத்தையும் பெற்றோரும் ஆசிரியரும் உறுப்பினரான சங்கம் பார்த்துக்கொள்ளும். தலைவர் இல்லாத இடத்தில் யார் சொன்னால் நடக்கும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது. கூட்டத்தில் எல்லோரும் பேசுவார்கள். பஜார் முடிந்த மாலையில் கண்டுபிடிக்கலாம். சமையலறைச் சாவி யாரிடம், கடைசி ஈரத்துணியைப் பிழிந்து காயப்போடுபவர் யார், பெரிய சூப் பானையைத் தேய்ப்பவர் யார் என்று பார்த்தால் போதும். மறு ஆண்டு அவர் சொல்லுக்குத்தான் எடை. மொய் நோட்டில் எழுதி வைப்பதுபோல இங்கே யாரும் எழுதுவதில்லை, ஆனால் யார் வந்தார், யார் மூன்று மணிக்கே நழுவினார் என்பது ஒருவருக்கும் மறப்பதில்லை. காசோலை கொடுத்தவரை வாழ்த்துவார்கள். பானை தேய்த்தவரைக் கலந்துபேசுவார்கள். ஆசிரியர்களுக்கும் இதில் விலக்கில்லை. ஓபருஃபர் என்ற ஊரில் நாட்டார் ஆடிவந்த கிறிஸ்துமஸ் நாடகங்களை ஸ்டைனரின் பேராசிரியர் ஷ்ரோயர் தொகுத்து வைத்தார். அவற்றை ஆண்டுதோறும் ஆசிரியர்களே வேடம் கட்டிப் பிள்ளைகளுக்கு அன்பளிப்பாக நடிப்பது மரபு. கணக்கு வாத்தியார் பிசாசாக வந்து வாலை ஆட்டுவதைப் பார்த்த தகப்பன், தனக்கு மட்டும் வெட்கமாக இருக்கிறது என்று சொல்லி இடியாப்பச் சிக்கலான விளக்குத் தோரணத்தைப் பிரிக்க மறுக்க முடியாது.

இதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், வசதியுள்ளவர்களின் விளையாட்டல்லவா இது என்பார் உளர். அவர்களுக்குத் துணையாகப் பொருளியல் அறிஞர் தார்ஸ்டீன் வெப்லன் இருக்கிறார். கையால் அடித்த வெள்ளிக் கரண்டியின் குறைகளே அதன் பெருமை, இயந்திரம் செய்த பழுதற்ற கரண்டி மட்டமானது என்று சமூகம் கருதுவதை அவர் 1899-லேயே கிண்டலடித்தார். கோணல் தொப்பிக் குள்ளனுக்கு அது அப்படியே பொருந்தும். கலிபோர்னியாவில் லாஸ் ஆல்டோஸ் நகரின் வால்டார்ஃப் பள்ளியில் கணினி நிறுவனத்தார் தங்கள் பிள்ளைகளைத் திரை இல்லாத வகுப்புக்கு அனுப்புகிறார்கள் என்பது 2011-இல் பத்திரிகைச் செய்தியாகி உலகமெல்லாம் பேசப்பட்டது. தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இங்கே வந்து நிற்கிறதே என்ற குறை நியாயமானது. இக்கட்டுரையிடம் அதற்கு முழு விடை இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: கோணலை மெச்சும் செல்வர் அதை விலைக்கு வாங்குவார் என்பதே வெப்லன் கண்டது, அவரே உட்கார்ந்து ஊசியால் குத்தி, விரலிலும் குத்திக்கொண்டு, பிறகு விலைக்கும் வாங்குவார் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஸ்டைனரின் மறைஞானக் கொள்கைகள், இனம் பற்றி அவர் எழுதியவை ஆகியவற்றின்மேல் உள்ள கண்டனங்கள் வேறு, கனமானவை, கேக் தட்டுக்குள் அடங்காதவை.

இனி நடைமுறைக்கு வருவோம். உள்ளே இருப்பவர் கொடுப்பது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிற பணம் என்பது நிறுவப்பட்டது. பள்ளியோடு எந்த உறவும் இல்லாத வழிப்போக்கர் கொடுக்கும் யூரோ ஒன்றுதான் புதிதாக உள்ளே வருவது. பஜாரின் கலப்பற்ற வருமானம் அது மட்டுமே. எனவே நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் இருக்க நேரும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்கம்பக்கத்தில் வால்டார்ஃப் பள்ளி இருந்தால் பஜாருக்குப் போங்கள். சூப் குடியுங்கள், ஆப்பிள் கேக் வாங்குங்கள், விலை சற்று அதிகம் என்று தோன்றினாலும் ஒரு குள்ளனை வாங்குங்கள். மெழுகுப் பானைப் பக்கம் அதிக நேரம் நிற்க வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு யாராவது சிரித்துக்கொண்டே வந்து உங்கள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தால், பணிவாக மறுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். வாங்கிவிட்டால் நீங்களும் உள்ளாள். அடுத்த ஆண்டு உங்கள் யூரோ கணக்கில் வராது.